800 படுக்கை மருத்துவக் கல்லூரியில் தொற்றுநோய்த் துறை: தலைவராக யார், ஆட்கள் எத்தனை பேர்?

சென்னைப் புறநகரில் 800 படுக்கைகளோடு இயங்கும் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியின் நிர்வாகப் பொறுப்பில் இருக்கும் மருத்துவர் கேட்டிருக்கும் கேள்வி இது. தொற்றுநோய்களுக்கென்று தனித்துறை தொடங்க முடிவு செய்திருக்கிறார்கள். அதற்குத் தலைவராகப் பொது மருத்துவத்திலிருந்து ஒருவரை அமர்த்துவதா, நுண்ணுயிரியல் பேராசிரியரிடமே கூடுதல் பொறுப்பாக ஒப்படைப்பதா, வெளியிலிருந்து பெயர்பெற்ற ஒருவரை அழைத்து வருவதா? எத்தனை பேரை நியமித்தால் துறை பெயர்ப்பலகையோடு நின்றுவிடாமல் உண்மையில் நடக்கும்? இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதே ஊரில் இந்த வேலையைச் செய்து வருகிறேன் என்ற உரிமையில் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் நேரடியான விடை. தலைவர், நாள்தோறும் நோயாளிகளைப் படுக்கையருகே போய்ப் பார்க்கிற முழுநேர மருத்துவராக இருக்க வேண்டும். அவரையும் சேர்த்து ஆசிரிய மருத்துவர்கள் மூவர், முதுநிலைப் படிப்பு முடித்துப் பணியில் இருக்கும் சீனியர் ரெசிடென்ட் இருவர், நோய்த்தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர் முதல் ஆண்டில் நால்வர், மூன்றாம் ஆண்டுக்குள் எண்மர், மருத்துவமனை மருந்தாளுநர் இருவர், தரவுப் பதிவுக்கு ஒருவர், இவர்களோடு நுண்ணுயிரியல் துறையில் பாதி நேரத்தை இந்தத் துறைக்கென்றே ஒதுக்கும் ஓர் ஆசிரியர். இவ்வளவுக்கும் பணம் இல்லையென்றால் மருத்துவர் எண்ணிக்கையில் ஒன்றைக் குறையுங்கள். செவிலியர் எண்ணிக்கையில் கை வைக்காதீர்கள். இதற்கான காரணங்கள்தான் இனி வருபவை.

இதயநோய்த் துறைக்குக் கேத் லேப் உண்டு, சிறுநீரகத் துறைக்கு டயாலிசிஸ் உண்டு, வயிறு குடல் துறைக்கு எண்டோஸ்கோப்பி உண்டு. தொற்றுநோய்த் துறைக்கு என்று சொந்தமாக ஒரு கருவியும் கிடையாது; அதன் நோயாளிகளில் பெரும்பாலோர் பிற துறைகளின் வார்டுகளில், பிற துறைத்தலைவர்களின் பெயரில் படுத்திருப்பவர்கள். எலும்பு அறுவை வார்டில் உலோகத் தகட்டைச் சுற்றிச் சீழ் பிடித்தவர், புற்றுநோய் வார்டில் வெள்ளணுக்கள் இறங்கிக் காய்ச்சலோடு கிடப்பவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்றாவது வாரமாக வென்டிலேட்டரில் இருப்பவர் என்று எல்லோரும் இன்னொருவர் வீட்டு விருந்தாளிகள். ஆகவே இந்தத் துறையின் தலைவருக்கு வேண்டிய முதல் தகுதி, இன்னொருவர் வார்டுக்குள் போய் அவருடைய மருந்துச்சீட்டை மாற்றச் சொல்லி, மறுநாளும் அதே வார்டில் வரவேற்கப்படுகிற பக்குவம். இது கட்டுரைகளின் எண்ணிக்கையில் தெரியாது, நேர்காணலிலும் எளிதில் தெரியாது.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். அறுவை சிகிச்சைத் தீவிரப் பிரிவில் ஒரு நோயாளிக்கு மெரோபெனம் என்ற வலுவான ஆன்டிபயாடிக் ஒன்பதாம் நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது. காய்ச்சல் இறங்கி ஐந்து நாளாயிற்று, கல்ச்சரில், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையில், எதுவும் வளரவில்லை. புதிதாகச் சேர்ந்த இளம் தொற்றுநோய் மருத்துவர் கேஸ் ஷீட்டில் "மெரோபெனத்தை நிறுத்தவும்" என்று எழுதிவிட்டுப் போகிறார். மாலையில் அறுவை மருத்துவர் அதை அடித்துவிட்டுத் தொடரச் சொல்கிறார். அதே இடத்தில் அனுபவமுள்ள தலைவர் எழுதுவதற்கு முன் நேரில் போய், "சார், தையல் கசியலாம் என்று இன்னும் சந்தேகமா? இல்லையென்றால் இன்றோடு நிறுத்தலாமா? நாளைக் காலை நானே வந்து வயிற்றைப் பார்க்கிறேன்" என்று கேட்பார். இரண்டிலும் மருத்துவ அறிவு ஒன்றுதான். ஆனால் இரண்டாவது முறையில்தான் மருந்து நிற்கிறது. அறுவை மருத்துவரின் அச்சத்துக்குக் காரணம் உண்டு. கசிவு ஏற்பட்டால் நோயாளியின் குடும்பத்தினர் முன்னால் நிற்க வேண்டியவர் அவர். அந்த அச்சத்தில் பங்கெடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி, சொன்னபடி மறுநாள் காலை வந்து நிற்பவர்தான் இந்தத் துறையை நடத்த முடியும்.

தொலைபேசியில் ஆலோசனை சொல்லி நடத்தும் துறை துறையாகாது. ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி இரத்தத்தில் வளர்ந்த நோயாளிகளைத் தொற்றுநோய் மருத்துவர் நேரில் பார்த்த இடங்களில் இறப்பு குறைவாக இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றன. நம் ஊரில் இதற்கு இன்னொரு சான்று, சிறு பூச்சிக்கடியால் வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல். வடகிழக்குப் பருவமழைக்குப் பின், ஒரு வாரக் காய்ச்சலோடும் மூச்சுத்திணறலோடும் வரும் நோயாளியை டெங்கு என்றும் நிமோனியா என்றும் எண்ணி ஐந்து பரிசோதனைக்கு இரத்தம் அனுப்பியிருப்பார்கள். உண்மையான விடை அக்குளிலோ, மார்பின் கீழ் மடிப்பிலோ, பாவாடை நாடா கட்டும் இடத்திலோ, சிகரெட்டால் சுட்டது போன்ற ஒரு கறுப்புப் பொருக்காக இருக்கும். வலிக்காது, அரிக்காது, ஆகவே நோயாளியும் சொல்லமாட்டார். திரையை இழுத்துவிட்டு, பெண் செவிலியரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, விளக்கை அருகே கொண்டுவந்து தேடுபவருக்குத்தான் அது தென்படும். டாக்சிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலோருக்கு இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கும். தலைவர் இப்படித் தேடுகிறவராக இருந்தால் அவரிடம் பயிலும் முதுநிலை மாணவர்களான பி.ஜி.க்களும் தேடுவார்கள், அவர் அறையில் உட்கார்ந்திருந்தால் அவர்களும் பரிசோதனைச் சீட்டைத்தான் நிரப்புவார்கள்.

சரி, பொது மருத்துவரா நுண்ணுயிரியலாளரா? இந்தக் கேள்விக்குச் சென்னையிடம் ஒரு பெருமைக்குரிய விடை உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலில் தெரிய வந்தது 1986-இல், இந்த ஊரில். அதைக் கண்டறிந்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன். இரத்த மாதிரிகளைச் சேகரித்தவர் அவருடைய மாணவி நிர்மலா. பரிசோதனை வேலூரில் நடந்தது. ஆய்வகத்தோடு நின்றிருக்கலாம் அவர். ஆனால் 1993-இல் ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனத்தைத் தொடங்கி, அன்று பலர் தொடவும் தயங்கிய நோயாளிகளுக்கு மருத்துவம் கிடைக்கச் செய்தார். பட்டத்தில் எழுதியிருக்கும் துறையைவிட, நோயாளி வரைக்கும் போகிற மனம் பெரிது என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். ஆகவே நுண்ணுயிரியலாளர் தலைமை ஏற்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் கல்லூரியில் நடக்கப்போவது வேறு: ஏற்கனவே ஆய்வகம், இளநிலை வகுப்புகள், தரச்சான்று வேலைகள் ஆகியவற்றைச் சுமக்கும் பேராசிரியரின் தலையில் இன்னொரு பலகையை மாட்டுவது. அவருக்கு வார்டுக்குப் போக நேரம் இராது. நோயாளிக்கு மருந்து எழுதும் பொறுப்பும் அவருக்கு மரபாக இல்லை. இரண்டு துறைகளும் நலிந்துபோகும்.

பெயர்பெற்றவரை வெளியிலிருந்து அழைப்பது பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. வாரத்தில் இரண்டு நாள் வந்துபோகும் பெரிய பெயரால் விளம்பரப் பலகைக்குப் பயன் உண்டு, துறைக்கு இல்லை. தொற்று காத்திருக்கும் நோயன்று. செவ்வாய்க்கிழமை இரவு இரத்த அழுத்தம் இறங்குகிற நோயாளிக்கு வெள்ளிக்கிழமை வரும் நிபுணர் எதற்கு? முழுநேரமாக வர அவர் இசைந்தால் மகிழ்ச்சியோடு அழையுங்கள். இல்லையென்றால், தொற்றுநோயில் டி.எம். முடித்து ஆறேழு ஆண்டு வார்டுகளில் உழைத்த ஒருவரை எடுத்து, அவருக்கு முழு அதிகாரமும் மூத்தவர் ஒருவரின் அவ்வப்போதைய வழிகாட்டுதலும் கொடுங்கள். டி.எம். என்பது பொது மருத்துவம் போன்ற முதுநிலைப் படிப்புக்கு மேல் மூன்றாண்டு. அதை முடித்தவர்கள் நாட்டில் இன்னும் குறைவு. எனவே உங்கள் பொது மருத்துவத் துறையிலேயே, எவர் சொல்லாமலும் கல்ச்சர் முடிவைத் தேடி ஆய்வகத்துக்கு நடந்து போகிற ஓர் உதவிப் பேராசிரியர் இருக்கிறாரா என்று பாருங்கள். பெரும்பாலும் ஒருவர் இருப்பார். துறையின் இரண்டாவது ஆசிரியராக அவரை எடுத்துப் பயிற்சிக்கு அனுப்புங்கள். ஆசிரியப் பதவிகளுக்கும் பதவி உயர்வுக்கும் தேசிய மருத்துவ ஆணையத்தின் தகுதி விதிகள் உண்டு. நியமன ஆணை எழுதும் முன் கல்லூரி அலுவலகம் நடப்பு விதியை வைத்துச் சரிபார்த்துவிடுவது நல்லது. ஓர் இளைஞரின் பணிக்காலம் எந்தத் துறையில் கணக்கிடப்படும் என்ற குழப்பத்தால் நல்லவர்கள் விலகிப்போனதைக் கண்டிருக்கிறேன்.

தலைவருக்குக் கொடுக்க வேண்டிய அதிகாரத்தை எழுத்தில் கொடுங்கள். டீன் கையெழுத்திட்ட ஒரே ஒரு பக்கம் போதும். கோலிஸ்டின், செஃப்டசிடிம்-அவிபாக்டம், லைபோசோமல் ஆம்போடெரிசின் போன்ற கடைசிக்கட்ட மருந்துகளை எந்தப் பிரிவும் தொடங்கலாம். ஆனால் 48 மணி நேரத்துக்குப் பின் தொடர வேண்டுமென்றால் தொற்றுநோய்த் துறையின் ஒப்புதல் வேண்டும் என்று அதில் இருக்க வேண்டும். தொடங்குவதற்கே அனுமதி கேட்கச் சொன்னால் நள்ளிரவில் ஒரு நோயாளிக்குக் காலதாமதம் ஆகி, ஒரே நிகழ்வில் துறையின் நற்பெயர் போய்விடும். தொடக்கத்தில் தாராளமாகவும் தொடர்ச்சியில் கண்டிப்பாகவும் இருப்பதே எங்களுக்குப் பலன் தந்த வழி. இதில் சென்னைக்குத் தனிப் பொறுப்பும் உண்டு. மெரோபெனம் போன்ற கார்பாபெனம் மருந்துகளைச் செயலிழக்கச் செய்யும் என்.டி.எம்.-1 என்ற நொதியைப் பற்றி 2010-இல் உலகம் முழுக்கப் பேசவைத்த ஆய்வில் சென்னை நோயாளிகளின் கிருமிகளும் இருந்தன. ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். இரண்டே ஆண்டில், 2012-இல், இந்திய மருத்துவச் சங்கங்கள் இங்கே கூடி ஆன்டிபயாடிக் கட்டுப்பாட்டுக்கான சென்னைப் பிரகடனத்தை வெளியிட்டன. நடைமுறைக்கு ஒத்துவரும் படிகளாகக் கட்டுப்பாட்டைக் கொண்டுவர வேண்டும் என்பதே அதன் அணுகுமுறை. உங்கள் ஒரு பக்கக் கொள்கையும் அப்படி இருக்கட்டும்.

நுண்ணுயிரியல் துறையோடு இணைக்கலாமா என்று தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். நிர்வாகத்தில் இணைக்க வேண்டாம். ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் இணையுங்கள். காலை 11 மணிக்குத் தொற்றுநோய் மருத்துவர்கள் ஆய்வகத்தின் மேசைக்குப் போய், அன்று வளர்ந்த தட்டுகளைக் கண்ணால் பார்த்து, ஒவ்வொரு நோயாளியையும் பற்றிப் பேசிவிட்டு வார்டுக்குப் போக வேண்டும். இதன் பயனை, மண்ணிலும் நீரிலும் வாழும் ஒரு கிருமியால் வரும் மெலியோய்டோசிஸ் நோயில் காணலாம். நீரிழிவு உள்ள ஒருவர் மழைக்காலத்துக்குப் பின் காய்ச்சலோடும் கல்லீரல், மண்ணீரல் சீழ்க்கட்டிகளோடும் வருகிறார். கல்ச்சரில் வளர்ந்ததைச் சூடோமோனாஸ் என்று ரிப்போர்ட் எழுதிவிடலாம். ஆனால் ஜென்டாமைசினுக்கும் கோலிஸ்டினுக்கும் அடங்காத அந்தக் கிருமி, கோ-அமாக்சிக்ளாவுக்கு அடங்குகிறது என்றால் அனுபவமுள்ள நுண்ணுயிரியலாளர் உடனே நிமிர்ந்து உட்காருவார். சாதாரணச் சூடோமோனாஸ் அப்படி நடந்துகொள்ளாது. அது மெலியோய்டோசிஸின் கிருமியான பர்க்கோல்டெரியா சூடோமாலி. சிகிச்சை முற்றிலும் வேறு: இரண்டு வாரமேனும் செஃப்டசிடிம் அல்லது மெரோபெனம், அதன்பின் மூன்று மாதமேனும் கோட்ரைமாக்சசோல். தொலைபேசியில் வாசிக்கப்படும் ஒற்றை வரி ரிப்போர்ட்டில் இது கைநழுவும். மேசையருகே இரண்டு பேர் நின்று பேசினால் நழுவாது.

இதோடு ஒரு சிறிய, ஆனால் உயிர் காக்கும் நியமனம்: இரவு டெக்னீஷியன். தானியங்கி இரத்தக் கல்ச்சர் கருவி இரவு 9 மணிக்கு ஒலியெழுப்பி, மறுநாள் காலை 9 மணிக்கு ஒருவர் வந்து குப்பியை எடுத்து, கிருமியின் வகையைக் காட்டும் கிராம் சாயம் போட்டுப் பார்த்தால், அத்தனை இலட்சம் கொடுத்து வாங்கிய கருவி அந்தப் பன்னிரண்டு மணி நேரம் வெறும் அலமாரிதான். ஒலித்த ஒரு மணி நேரத்துக்குள் சாயம் பார்த்து, பணியிலிருக்கும் சீனியர் ரெசிடென்டுக்குத் தொலைபேசியில் சொல்ல ஆள் வேண்டும்.

இனி செவிலியர்கள். இந்தப் பதிலில் நான் அதிகம் அழுத்திச் சொல்ல நினைப்பது இவர்களைப் பற்றித்தான். அமெரிக்காவில் 1970-களில் நடந்து 1985-இல் வெளியான செனிக் ஆய்வு, 250 படுக்கைக்கு ஒரு நோய்த்தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியரும் முறையான கண்காணிப்பும் இருந்த மருத்துவமனைகளில் மருத்துவமனைத் தொற்றுகள் 32 விழுக்காடு குறைந்ததாகக் கண்டது. அதே 250-ஐத்தான் உலக சுகாதார நிறுவனம் 2016-இல் குறைந்தபட்ச அளவாக வைத்தது. 100 படுக்கைக்கு ஒருவர் இருப்பது நல்லது என்ற வலுவான கருத்தையும் அதோடு பதிவு செய்தது. 800 படுக்கைக்கு முதலாண்டில் நால்வர், பின்னர் எண்மர் என்று நான் சொன்னது இந்தக் கணக்கில்தான். அவர்கள் செய்வது என்ன? மையச் சிரைக் குழாய் போட்ட ஒவ்வொரு நோயாளியையும் நாள்தோறும் பார்த்து அந்தக் குழாய் இன்றும் தேவையா என்று கேட்பது, சிறுநீர்க் குழாய்ப் பை தரையில் கிடக்கிறதா என்று பார்ப்பது, கை கழுவும் முறையை மறைந்து நின்று கணக்கெடுப்பது, ஊசி குத்திக்கொண்ட பயிற்சி மருத்துவரை அதே மணி நேரத்தில் எச்.ஐ.வி. தடுப்பு மருந்துக்கு அழைத்துப் போவது, புதிதாகச் சேரும் ஒவ்வொரு பணியாளரும் ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டாரா என்று பின்தொடர்வது. இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியாத வேலைகள். ஒழுங்காக நடந்தால் எதுவும் நடக்காதது போலவே இருக்கும்.

அதனால்தான் இவர்களை முதலில் பறித்துக்கொள்வார்கள். நான் முன்பு பணியாற்றிய ஒரு மருத்துவமனையில், வார்டுகளில் ஆள் போதவில்லை என்று எங்கள் மூன்று செவிலியரையும் இரண்டு மாதம் இரவுப் பணிக்கு அனுப்பினார்கள். அந்த இரண்டு மாதத்தில் தொற்று எண்ணிக்கை குறைந்ததாகத்தான் மாத அறிக்கை காட்டியது. எண்ணுவதற்கு எவரும் இல்லாததே காரணம். மூன்றாம் மாதம் ஒரே பிரிவில் அடுத்தடுத்து நான்கு நோயாளிகளின் இரத்தத்தில் ஒரே கிருமி வளர்ந்தபோது பின்னோக்கித் தேடினோம். தொடக்கம் அந்த இரண்டு மாதத்துக்குள் இருந்தது. அந்த நால்வரில் ஒரு தாயின் கணவர், "எங்கிருந்து சார் வந்தது இந்தக் கிருமி?" என்று கேட்டதற்கு நான் உண்மையைச் சொன்னேன். அந்த உரையாடலை நான் மறக்கவில்லை. உங்கள் நியமன ஆணையில், இந்தச் செவிலியர்கள் தொற்றுநோய்த் துறைத் தலைவருக்கு மட்டுமே பொறுப்பானவர்கள், வார்டுப் பணிக்கு மாற்றப்படமாட்டார்கள் என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். சென்னையில் நல்ல செவிலியர்கள் இரண்டு மூன்று ஆண்டு அனுபவம் சேர்ந்ததும் வளைகுடாவுக்கும் பிரிட்டனுக்கும் போகிறார்கள். அதைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. தனிப் பதவிப் பெயர், தனிப்படி, பகல் பணி, பயிற்சிக்கும் மாநாட்டுக்கும் கல்லூரிச் செலவில் அனுப்புவது ஆகியவை இருந்தால் பாதிப் பேராவது தங்குவார்கள்.

செவிலியரையும் களப்பணியாளரையும் நம்பிப் பெரிய காரியம் செய்வது இந்த ஊருக்குப் புதிதன்று. சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது 1956-இல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையமாகத் தொடங்கியது. நோயாளியைச் சானடோரியத்தில் வைத்துப் பார்ப்பதற்கு இணையாக, வீட்டில் இருந்தபடியே மருந்து கொடுத்தும் குணமாக்கலாம் என்று அங்கே நிறுவப்பட்டது உலகின் காசநோய்ச் சிகிச்சையையே மாற்றியது. அந்த ஆய்வின் முதுகெலும்பு, நெரிசலான குடியிருப்புகளுக்கு முன்னறிவிப்பின்றிப் போய் மாத்திரைகளை எண்ணியும் சிறுநீரைப் பரிசோதித்தும் வந்த களப்பணியாளர்கள். அண்மைய சான்று 2022-இல் தமிழக அரசு தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம். நோய் கண்டறிந்த அன்றே எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, துணையின்றி நிற்க முடிகிறதா என்ற சில எளிய சோதனைகளை ஆரம்ப சுகாதார நிலையப் பணியாளரே செய்து, அபாயத்தில் இருப்பவரை உடனே படுக்கையில் சேர்க்கிறார்கள். இதற்குச் சூப்பர் ஸ்பெஷலிஸ்ட் தேவைப்படவில்லை. ஒழுங்காகச் செய்ய ஒருவரும் அவர் சொன்னால் கேட்க ஒருவரும் தேவைப்பட்டார்கள்.

மருந்தாளுநர் பற்றிச் சுருக்கமாக. 2008-இல் தொடங்கிய பார்ம்.டி. படிப்பை முடித்தவர்கள் சென்னையில் நிறையக் கிடைக்கிறார்கள். பெரும்பாலும் அவர்களைப் பில் போடும் இடத்தில் உட்கார வைக்கிறோம். இருவரை இந்தத் துறைக்குக் கொடுங்கள். சிறுநீரகம் பழுதான நோயாளியின் வான்கோமைசின் அளவு, காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினோடு மோதும் மற்ற மருந்துகள், ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாற்றக்கூடியவர்களின் பட்டியல் ஆகியவை காலை 9 மணிக்குள் மருத்துவர் கையில் இருந்தால் ரவுண்ட்ஸின் பாதி வேலை முடிந்துவிடும். தரவுப் பதிவாளர் வேண்டாம் என்று நிர்வாகத்தில் எவராவது சொல்வார்கள். காசநோயாளி ஒவ்வொருவரையும் அரசுக்கு அறிவிப்பது 2012 முதல் தனியார் மருத்துவமனைகளுக்கும் கட்டாயம். டெங்கு, காலரா, லெப்டோஸ்பைரோசிஸ் (எலிக்காய்ச்சல்) தகவல்கள் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கோ மாநகராட்சிக்கோ போக வேண்டும். மருத்துவர் ஓய்வு நேரத்தில் நிரப்புவார் என்று விட்டால் அது நிரப்பப்படாது.

மருத்துவர் எண்ணிக்கையைப் படுக்கையை வைத்துக் கணக்கிடாமல் நேரத்தை வைத்துக் கணக்கிடுங்கள். புதிய நோயாளி ஒருவரை முழுமையாகப் பார்க்க, பழைய கோப்புகளைப் படிக்க, ஆய்வகத்தோடு பேச, குடும்பத்தினரிடம் சொல்ல 40 நிமிடம் ஆகும். தொடர்ந்து பார்ப்பவருக்கு 10 நிமிடம். நாளைக்குப் புதியவர் பத்துப் பேர், தொடர்பவர் நாற்பது பேர் என்று வைத்துக்கொண்டால் 800 நிமிடம், அதாவது பதின்மூன்று மணி நேரத்துக்கும் மேல். புறநோயாளிப் பிரிவும், எச்.ஐ.வி. நோயாளிகளும், வகுப்புகளும், குழுக் கூட்டங்களும் இதில் சேரவில்லை. ஒருவரால் முடியாது, இருவர் முயன்றால் ஒருவர் விடுப்பில் போகும் நாளில் துறை படுத்துவிடும். மூவர் என்பது இதனால்தான். சொந்த வார்டு பெரிதாக வேண்டாம். பத்துப் படுக்கையும், உள்காற்று வெளியே கசியாதபடி எதிரழுத்தத்தில் வைத்து, மணிக்கு 12 முறை காற்று மாறும் தனியறைகள் நான்கும் போதும். பெரிய வார்டு கொடுத்தால், மற்றத் துறைகள் வைத்துக்கொள்ள விரும்பாத நோயாளிகள் எல்லோரும் அங்கே வந்து சேர்வார்கள், உங்கள் மருத்துவர்கள் மருத்துவமனையின் மற்ற 790 படுக்கைகளுக்கும் போக முடியாமல் போகும்.

பணத்தைப் பற்றியும் ஒளிக்காமல் பேச வேண்டும். இந்தத் துறை வருமானம் ஈட்டாது. நன்றாக நடந்தால் மருந்தகத்தின் விற்பனையைக் குறைக்கும், நோயாளி தீவிரப் பிரிவில் இருக்கும் நாட்களையும் குறைக்கும். ஆகவே பார்க்கும் நோயாளிக்கு இவ்வளவு என்ற ஊதிய முறையை இங்கே வைக்காதீர்கள். அப்படி வைத்தால் எளிய நோயாளியைப் பத்து நாள் பார்ப்பது இலாபமாகவும், மருந்தை நிறுத்தி வீட்டுக்கு அனுப்புவது நட்டமாகவும் ஆகிவிடும். நிலையான மாத ஊதியம் கொடுங்கள், அது உங்கள் இதயநோய் மருத்துவரின் ஊதியத்தில் மூன்றில் ஒரு பங்காக இருக்கவும் விடாதீர்கள். திறமையான இளைஞர்கள் இந்தப் பிரிவைத் தேர்ந்தெடுக்கத் தயங்குவதற்கு முதல் காரணம் அதுதான். வரவுசெலவுக் குழுவுக்குக் காட்ட எண் வேண்டுமென்றால் நூறு நோயாளி-நாளுக்கு எத்தனை நாள் கார்பாபெனம் ஓடியது, ஆயிரம் குழாய்-நாளுக்கு (ஒரு நோயாளி சிரைக் குழாயோடு ஒரு நாள் இருந்தால் அது ஒரு குழாய்-நாள்) எத்தனை இரத்தத் தொற்று என்ற இரண்டை மட்டும் மாதந்தோறும் காட்டச் சொல்லுங்கள். முதல் ஆறு மாதம் தொற்று எண்ணிக்கை கூடும். ஒழுங்காக எண்ணத் தொடங்கினால் அப்படித்தான் ஆகும். அதற்காகத் தலைவரைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

இன்னொன்று, துறை ஒரே மனிதரின் நிழலாக ஆகிவிடக் கூடாது. நான் அறிந்த ஒரு துறை பத்தாண்டு மிக நன்றாக நடந்தது. தலைவர் வேறு ஊருக்குப் போன மூன்றே மாதத்தில் கட்டுப்பாட்டு மருந்துகளுக்கான படிவம் மறைந்தது, காலை ஆய்வகச் சந்திப்பு நின்றது, செவிலியர்கள் வார்டுகளுக்குத் திரும்பினார்கள். அவர் எல்லா முடிவையும் தாமே எடுத்தவர். இரண்டாம் நிலையில் இருந்தவர்களின் முகம்கூட அறுவை மருத்துவர்களுக்குத் தெரியாது. ஆகவே முதல் நாளிலிருந்தே பொறுப்புகளைப் பிரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள்: ஒருவரிடம் ஆன்டிபயாடிக் மேற்பார்வை, ஒருவரிடம் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு, ஒருவரிடம் கற்பித்தல். பொது மருத்துவம், அறுவை, மயக்கவியல் மூன்றின் பி.ஜி.க்களும் ஒரு மாதம் இந்தத் துறையில் சுழற்சியில் வரட்டும். மூன்றாண்டுக்குப் பின் அவர்களே வெவ்வேறு வார்டுகளில் உங்கள் ஆட்களாக இருப்பார்கள். டி.எம். இடங்களுக்கு விண்ணப்பிப்பதை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம். கற்பிக்க ஆளும் நோயாளிப் பன்மையும் சேராமல் இடங்களை வாங்கினால் மாணவர்கள்தான் பாதிக்கப்படுவார்கள். உங்களிடம் கிடைக்காத அனுபவத்துக்கு ஊரிலேயே இடங்கள் உண்டு. 1928-இல் காசநோய்ச் சானடோரியமாகத் தொடங்கி, பின்னர் எச்.ஐ.வி. நோயாளிகளின் பெரும் புகலிடமாக ஆன தாம்பரம் மருத்துவமனை, தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனை, கிண்டி கிங் நிறுவனத்தின் ஆய்வகங்கள், தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் ஆகியவற்றோடு பேசி, உங்கள் பயிற்சியாளர்கள் சில வாரங்கள் அங்கே இருக்க ஏற்பாடு செய்யுங்கள்.

நியமன வரிசையையும் கேட்டிருந்தீர்கள். தலைவரை முதலில் எடுத்து, மற்றவர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் அவரையே உட்கார வையுங்கள். அடுத்து செவிலியர் நால்வர், அதன்பின் மருந்தாளுநர், அதன்பின்தான் மற்ற மருத்துவர்கள். மருத்துவர்கள் வருவதற்கு முன் இரண்டு மாதம் செவிலியர்கள் வார்டுவாரியாக எண்ணி வைத்தால், எந்தப் பிரிவில் முதலில் காலூன்ற வேண்டும் என்பது தலைவருக்குத் தெரிந்துவிடும். இந்த வேலையை ஜூன் மாதத்தில் தொடங்குங்கள். அக்டோபரில் மழை இறங்கி, எலிக்காய்ச்சலும் டெங்குவும் ஸ்க்ரப் டைஃபஸும் ஒரே வார்டில் ஒரே காய்ச்சல் அட்டவணையோடு வந்து படுக்கும்போது, செவிலியருக்கும் மருத்துவருக்கும் ஆய்வகத்துக்கும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கிற அளவுக்காவது பழக்கம் ஏற்பட்டிருக்க வேண்டும்.